வங்கி வீட்டில் தண்ணீரைத் திறந்தது யார்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. என்னுடைய தொலைபேசிதான் இன்னும் ஓய்வு பெறவில்லை. லா சப்பலில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போதுகூட யாராவது வந்து தோளைத் தொடுவார்கள்.

"அல்பேட் அண்ணை, வங்கியிட வீடொண்டு மலிவா வந்திருக்கு. ஒருக்கா வந்து பாக்கிறியளோ?"

"நான் பென்சன்காரன் தம்பி."

"பாக்கிறதுக்கு என்ன அண்ணை பென்சன்?"

அதுவும் நியாயம்தான். போய்ப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நாலு குறை சொல்லி, வீடு வாங்க வந்தவரின் முகத்தை வாட வைத்துவிட்டு வருகிறேன்.

நான் வேலை செய்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, வங்கி விற்கும் வீடுகளில் பழுது பற்றி எப்படிப் பேச வேண்டும் என்று எழுதித் தரும்படி அண்மையில் கேட்டார்கள். பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் எனக்கு அந்த வேலையை உண்மையில் கற்றுத் தந்த ஒரு விடயத்தை அதில் எழுதவில்லை. எழுதினால் என் பிழையையும் எழுத வேண்டும். தமிழில் எழுதுவது என்றால் எனக்குக் கொஞ்சம் துணிவு வரும். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

தொடக்க காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மன்னாரிலிருந்து வந்தேன், கோப்பை கழுவினேன், முதுகு நோகத் தொடங்கியதும் ஒரு குழாய் வேலைக்காரருக்குச் சாமான் தூக்கினேன். அவர் திட்டித் திட்டியே குழாய் வேலை பழக்கினார். பின்னேர வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் எடுத்தேன். அதைக் கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் மேசைக்குப் பின்னால் மதாம் வெர்னே இருந்தார். அந்த மேசைக்கு முன்னால் பதினேழு வருடம் போனது.

எங்கள் வேலை இதுதான். வீடு வாங்கப்போகிறவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். சுவர், கூரை, குழாய், வயர் எல்லாவற்றையும் பார்த்து, என்ன பழுது, திருத்தாமல் வாங்கினால் என்ன நடக்கும் என்று எழுதிக் கொடுப்போம். பிறகு விற்பவரோடு பேசுவோம். விற்பவர் ஒரு குடும்பமாக இருந்தால் பேச்சு எப்படியோ ஒரு வழிக்கு வரும். வங்கியாக இருந்தால் அது வேறு கதை. கடன் கட்ட முடியாமல் போனவரின் வீட்டை நீதிமன்றம் ஏலத்தில் விடும். ஒருவரும் கேட்காவிட்டால் அது கடன் கொடுத்த வங்கியின் தலையிலேயே விழும். வங்கிக்கு அந்த வீட்டில் ஒருநாளும் மழை ஒழுகியதில்லை, ஒருநாளும் குளிர்ந்ததில்லை. அது ஒரு கோப்பு இலக்கம், அவ்வளவுதான். பழுது என்று வாய் திறந்தால் ஒரே பதில் வரும்: "இருந்தபடியே விற்கிறோம்." அந்தச் சொல் முன் ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் இருக்கும். நம்மவர்கள் விலையைப் பார்த்த கண்ணால் அந்த வரியைப் பார்ப்பதில்லை.

மதாம் வெர்னே கூரை வேலைக்காரர் ஒருவரின் மகள். மெல்லிய உடம்பு, எந்த நாளும் ஒரே நீலக் கம்பளி மேலங்கி. அதன் பையில் ஒரு தேநீர்க் கரண்டி இருக்கும். அதன் முதுகால் சுவரைத் தட்டிக்கொண்டே அறை அறையாகப் போவார். சத்தம் மாறுகிற இடத்தில் நின்று, விற்பவரின் ஆளைப் பார்த்து, "இங்கே கொஞ்சம் வருகிறீர்களா?" என்பார். அவ்வளவுதான். பழுது என்றோ, ஏமாற்று என்றோ அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. வந்தவரின் கையையே அந்த இடத்தில் வைக்கச் செய்வார். தான் தொட்டதை மறுக்கிற மனிதர் குறைவு என்பது அவருடைய கணக்கு.

ஓல்னே-சூ-புவாவில் ஒரு வங்கி வீட்டில் இதை நேரில் கண்டேன். கூரை ஒழுகுவது பழைய கதை, இப்போது காய்ந்துவிட்டது என்று வங்கியின் ஆள் சொல்லிக்கொண்டே இருந்தார். மதாம் அவரைப் பரணில் ஏற்றி, முகட்டின் கீழ் குளிர் தடுக்க விரித்திருந்த கம்பளிப் பஞ்சுக்குள் கையை விடச் சொன்னார். அந்த மனிதரின் வெள்ளைச் சட்டைக் கை முழங்கைவரை நனைந்து வெளியே வந்தது. மதாம் தன் கைக்குட்டையை நீட்டினார்.  கையெழுத்து வைக்கும் நாளுக்கு முன்பே கூரை திருத்தப்பட்டிருந்தது.

அறிக்கை சொல்லும்போது நின்றுகொண்டு சொல்வார், நான் எழுதுவேன். "எனக்குத் தோன்றுகிறது" என்று எழுதினால் அடித்துவிடுவார். கண்டதும் தொட்டதும் மட்டும். பார்க்க முடியாததைப் பார்க்கவில்லை என்றே எழுத வேண்டும், காரணத்தோடு. அது நமது பலவீனத்தை நாமே ஒப்புக்கொள்வது என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கட்டளையும் உண்டு, அதில் விட்டுக்கொடுப்பே இல்லை: விற்பவரின் அனுமதி இல்லாமல் அவருடைய வீட்டில் ஒரு ஆணியைக்கூட நாங்கள் அசைக்கக் கூடாது. ஒரு முறை பொய்க்காரர் என்று பெயர் வந்தால் அதற்குப் பிறகு எந்த நொத்தாரிசும் எங்கள் தாளைப் படிக்கமாட்டார் என்பார். இங்கே வீட்டுப் பத்திரம் நொத்தாரிஸ் முன்னால்தான் முடிய வேண்டும், ஆகவே அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

இனி ரூபனின் வீட்டுக்கு வருகிறேன்.

ரூபனும் வசந்தியும் வன்னியிலிருந்து வந்தவர்கள். அவன் ஒரு உணவகத்தில் சமையல். அவள் விடிய முன்னம் எழும்பிப்போய் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவள். இரண்டு பெண் பிள்ளைகள். ஸ்தேனில் ஒரு அறையும் குசினியுமாக வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் அதை விற்கப்போவதாகக் கடிதம் கொடுத்துவிட்டார். மாசி மாத முடிவில் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். இரண்டு பிள்ளைகளோடு இன்னொரு வாடகை வீடு தேடி அலைந்து, சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் கைவிரித்த பிறகுதான் லெ பிளாங்-மெனிலில் இந்த வங்கி வீடு வந்தது. சின்னத் தனி வீடு, கீழே காவு என்கிற நிலவறை, பின்னால் ஒரு துண்டு நிலம். முன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து, சேர்த்த காசையும் சீட்டு எடுத்த காசையும் முற்பணமாக நொத்தாரிசிடம் கட்டியிருந்தார்கள். இவர்கள் பக்கத்தால் பத்திரம் முடியாமல் போனால் வீடும் இல்லை, முற்பணமும் இல்லை, மாசிக்குப் பிறகு படுக்க இடமும் இல்லை.

ஐப்பசி முடிவில் மதாமும் நானும் அந்த வீட்டைப் பார்த்தோம். தண்ணீர் மூடியிருந்தது. குளிர் வருகிறது, அதனால்தான் மூடினோம் என்றார் சாவியோடு வந்த ஏஜென்சிக்காரர். ஒரு தடவை திறந்து பார்க்கலாமா என்று மதாம் கேட்டார். தனக்கு அதிகாரம் இல்லை என்றார் அவர். நான் தண்ணீர் மீற்றரைப் படம் எடுத்தேன். மதாம் எழுதச் சொன்னது: "தண்ணீர்க் குழாய்களும் வெப்பமூட்டும் தொகுதியும் சோதிக்கப்படவில்லை, விற்பவர் அனுமதிக்கவில்லை." திறந்து காட்டும்படி வங்கிக்கு இரண்டு கடிதம் போட்டார். பதில் இல்லை. பத்திரம் முடிக்கும் நாளோ நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின வாரம் என்று குறித்தாகிவிட்டது.

கார்த்திகையில் ஒரு நாள் வசந்தி எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, பத்திரம் எழுதிற நாள் மார்கழியில விழுது. மார்கழியில பால் காய்ச்சக் கூடாதெண்டு மாமி கிளிநொச்சியில இருந்து ஒரே சத்தம். மார்கழி பிறக்க முன்னம் ஒரு புதன்கிழமை நல்ல நேரம் இருக்காம். சாவி தருவினமோ?"

நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். எனக்கு மார்கழியும் ஒன்றுதான் தையும் ஒன்றுதான். ஆனால் நம்மவர்களுக்கு வீடு என்பது பத்திரத்தில் தொடங்குவதில்லை, பால் பொங்கிற அடுப்பில் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

"யன்னல் சீலைக்கு அளவெடுக்க வேணுமெண்டு கேளுங்கோ. அரை நாளைக்குத் தருவினம்" என்றேன்.

"வாசல் கழுவத் தண்ணி வேணுமே அண்ணை."

போத்தலில் கொண்டுபோங்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வீட்டை மூலை மூலையாகத் தெரியும் என்கிற பெருமையில் எனக்கு வாய் நீண்டது.

"காவுக்குள்ள இறங்கினா இடப்பக்கம் சிவப்புக் கைபிடியொண்டு இருக்கு. கால் சுத்துத் திறந்து, கழுவிப்போட்டு உடன பூட்டிவிடுங்கோ."

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பெருமை மட்டும் காரணமில்லை. வங்கி எங்களைத் திறக்க விடவில்லை. அவள் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்றாவது தெரிந்துவிடும் என்று மனதுக்குள் ஒரு கெட்டித்தனம் ஓடியது. என் கையால் செய்யக் கூடாத சோதனையை அவள் கையால் செய்யப் பார்த்தேன்.

அந்தப் புதன்கிழமை அவர்கள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்கள். நிலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, வெறும் குசினி நிலத்தில் சின்ன காஸ் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினார்கள். வசந்தி நிலவறைக்கு இறங்கிக் கைபிடியைத் திருப்பிவிட்டு, வாசல் கழுவ மேலே வந்தாள். வாளி பாதி நிரம்ப முன்னம் கீழே சோவென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் நிலவறைக் கூரையோடு போகும் குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. தலை முதல் கால்வரை நனைந்தபடி கைபிடியைப் பூட்டினாள். மதியம் சாவி வாங்க வந்த ஏஜென்சிக்காரர் நனைந்த நிலத்தையும், பொங்கி வழிந்த பாலையும், நிலையில் சிவப்புப் பொட்டுகளையும் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அளவெடுக்க என்று சாவி வாங்கி, வீட்டைப் பாவித்து, குழாயை உடைத்துவிட்டார்கள். சேதம் அவர்களுடையது. குறித்த நாளில் வீட்டை இருந்தபடியே ஏற்றுக் கையெழுத்து வைக்காவிட்டால் வங்கி விலகிக்கொள்ளும், முற்பணம் திரும்பாது.

ரூபன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். 

"இவளுக்கு ஆர் அண்ணை தண்ணியைத் திறக்கச் சொன்னது? கேட்டா வாய் திறக்கிறாள் இல்லை. காவுக்குள்ள கைபிடி இருக்கெண்டு இவளுக்கு என்னெண்டு தெரியும்? அம்மா அங்கை இருந்து அழுறா, வந்த நாளில இருந்து இவளால எங்களுக்குத் தரித்திரமெண்டு."

நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனியில் வந்தது. எனக்குப் பென்சனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஆணியைக்கூட அசைக்காதே என்ற மதாமின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. "பாப்பம் தம்பி, யோசிக்காதை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வசந்தி என் பெயரை ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தொலைபேசியும் எடுக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய பாரமாக இருந்தது. இரவில் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனால்கூடக் குழாயைத் திறக்க மனம் வராது. ஒவ்வொரு நாள் காலையிலும் இன்றைக்கு மதாமிடம் சொல்லிவிடுவது என்று அலுவலகத்துக்குப் போவேன், பின்னேரம் சொல்லாமல் திரும்புவேன். கோழை என்றால் அது வேறு யாரோ என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மதாம் வங்கிக்கு எழுதி, இரு தரப்பும் ஒன்றாக வீட்டைப் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை நாள் வாங்கினார். பால் காய்ச்சி ஒன்பதாவது நாள் அது.

வங்கியிலிருந்து மிஸியு தெல்கூர் என்பவர் வந்தார். நல்ல மேலங்கி, கையில் தடித்த கோப்பு. கெட்ட மனிதரில்லை. அவசரக்காரர். வீட்டுக்குள் வெளியிலும் பார்க்கக் குளிராக இருந்தது, பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. மதாம் உள்ளே வந்ததும் நேரே நிலவறைக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். மீற்றருக்கு முன்னால் குனிந்து, நான் முன்பு எடுத்த படத்தையும் மீற்றரையும் மாறி மாறிப் பார்த்தார். எண் கொஞ்சம் கூடியிருந்தது. மிகக் கொஞ்சம். படத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினார். 

மேலே குசினியில் ரூபனும் வசந்தியும் நின்றார்கள். தெல்கூர் கோப்பைத் திறந்து, ஏஜென்சிக்காரர் எடுத்த படங்களைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அன்றைக்கு இந்த வீட்டில் தண்ணீரை யாராவது திறந்தார்களா? அவர்களிடம் கேளுங்கள்."

கேள்வி ரூபனுக்கு விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பித் தமிழில், மூச்சு விடாமல் சொன்னான்.

"இல்லையெண்டு சொல்லுங்கோ அண்ணை. ஒருத்தரும் தொடேல்லை, பைப் தானா வெடிச்சது எண்டு சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டன். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை வச்சுக்கொண்டு நான் எங்கை போறது?"

வசந்தி யன்னலோரம் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் வழிந்து காய்ந்த கறை அவள் காலடியில் இருந்தது. இந்த ஒன்பது நாளில் அவளுடைய மேலங்கி அவளுக்குப் பெரிதாகிவிட்டிருந்தது.

இல்லை என்று சொல்லலாம். ஆனால் மீற்றர் கீழே இருக்கிறது. அதன் எண்ணும் எங்கள் படத்தின் எண்ணும் வேறு. அந்தப் பொய் பத்து நிமிடம் தாங்காது. அதன் பிறகு மதாம் சொல்லும் எந்த உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். வசந்தி திறந்தாள் என்று மட்டும் சொல்லலாம். அது உண்மைதான். அப்படிச் சொன்னால் என் தலை தப்பும், அவள் தலை முழுதாகப் போகும். தெல்கூர் பேனையால் மேசை இல்லாத இடத்தில் தன் கோப்பையே தட்டிக்கொண்டு நின்றார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மதாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறந்தது இந்த அம்மா. கைபிடி எங்கே இருக்கிறது என்று காட்டி, திறக்கச் சொன்னது நான்" என்றேன் பிரெஞ்சில்.

 வசந்தி தலையை நிமிர்த்தினாள்.

"என்ன அண்ணை சொன்னனீங்கள்?" என்றான் ரூபன். அவனுக்கு விளங்கியிருந்தது. நம்ப முடியாமல்தான் கேட்டான். "நீங்களோ? அப்ப இவள்..."

"நன்றி" என்றார் தெல்கூர். கோப்பை மூடினார். "நேர்மையாகச் சொன்னீர்கள். அப்படியானால் இங்கே எங்களுக்கு வேலை முடிந்தது."

"முடியவில்லை. கீழே கொஞ்சம் வருகிறீர்களா?" என்றார் மதாம் வெர்னே.

எல்லோரும் இறங்கினோம். மதாம் வசந்தியிடம் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"வாளி பாதி நிரம்பேல்லை அண்ணை. அஞ்சு நிமிசம் இருக்காது."

"மிஸியு, இந்த வீட்டை உங்கள் வங்கி பொறுப்பெடுத்த நாளில் நீதிமன்ற அதிகாரி ஒரு குறிப்பு எழுதியிருப்பார். அதில் தண்ணீர் மீற்றரின் எண் இருக்கும். வாசிப்பீர்களா?"

தெல்கூர் தாள்களைப் புரட்டினார். எண்ணை வாசித்தார்.

"இது நாங்கள் ஐப்பசியில் எடுத்த படம். இதையும் வாசியுங்கள்."

வாசித்தார். வாசித்த பிறகு மறுபடியும் முதல் தாளைப் பார்த்தார். இரண்டுக்கும் இடையில் நூறு கன மீற்றருக்கு மேல் இருந்தது.

"இப்போது மீற்றரைப் பாருங்கள். எங்கள் படத்துக்குப் பிறகு அரைக் கன மீற்றர்கூட ஓடவில்லை. இந்த அம்மாவின் ஐந்து நிமிடம் அதுதான். அதற்கு முதல் ஓடிய நூறு? அப்போது வீட்டில் ஆள் இல்லை. உங்கள் பூட்டு வாசலில் தொங்கியது."

தெல்கூர் குனிந்து மீற்றரைப் பார்த்தார்.

"ஓடிய தண்ணீரை யாரோ வந்து நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தியவர் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார், இந்த ஈரத்தைக் கண்டிருப்பார். அவரை அனுப்பியது யார் என்று உங்கள் கோப்பில் இருக்கும். நான் கேட்கவில்லை. மிஸியு அல்பேட் அந்தக் குழாயை வெட்டி எடுக்க அனுமதி தருகிறீர்களா?"

அவர் தலையை ஆட்டினார். நான் ஏணியில் ஏறி வெட்டினேன்.  செப்புக் குழாய் நீளவாக்கில் ஊதி, மீன் வாய் பிளந்தது போலப் பிளந்திருந்தது. உள்ளே தண்ணீர் உறைந்தால்தான் குழாய் அப்படிப் பிளக்கும். அந்தக் குளிர்காலத்தில் அதுவரை ஒரு நாள்கூட உறையவில்லை. வெடிப்பின் இரண்டு உதட்டிலும் பச்சைக் களிம்பு ஏறிப்போயிருந்தது. ஒன்பது நாளில் ஏறுகிற பச்சை இல்லை அது, போன குளிர்காலத்துப் பச்சை. அதை மதாமிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, கண்ணால் தெல்கூரைக் காட்டினார். தெல்கூர் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினார். விரலால் அந்த உதட்டைத் தடவினார். விரலைப் பார்த்தார்.

"'இருந்தபடியே' என்ற வரி தெரியாத பழுதுக்குத்தான் உங்களைக் காப்பாற்றும். தெரிந்து சொல்லாமல் விட்ட பழுதுக்குக் காப்பாற்றாது. இது என்னைவிட உங்கள் வழக்கறிஞருக்கு நன்றாகத் தெரியும்" என்றார் மதாம், வெகு மரியாதையாக.

தெல்கூர் குழாய்த் துண்டைக் கையில் வைத்தபடியே வெளியே போய்த் தொலைபேசியில் பேசினார். இருபது நிமிடம் இருக்கும். நாங்கள் நாலு பேரும் அந்த ஈர நிலவறையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். ரூபன் என் பக்கம் திரும்பவே இல்லை. தெல்கூர் திரும்பி வந்து, "என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"விலையைக் குறைக்கச் சொல்லுங்கோ. பைப் வேலையை எங்கட ஆக்களே வந்து செய்வினம்" என்றான் ரூபன், சுவரைப் பார்த்தபடி. நான் மொழிபெயர்த்தேன்.

"கூடாது" என்றார் மதாம். "குறைத்த விலை பத்திரச் செலவில் கரைந்துவிடும், குழாய் அப்படியே இருக்கும். பிள்ளைகள் குளிரில் இருப்பார்கள். எழுதுங்கள், மிஸியு அல்பேட்."

நின்றபடியே சொன்னார். நிலவறைக் குழாய் முழுவதும் மாற்ற வேண்டும். மாற்றிய பின் அழுத்தம் ஏற்றி, இரு தரப்பும் பார்க்க ஒரு மணி நேரம் முள் அசையக் கூடாது. கொதிகலனையும் சூடாக்கிகளையும் நிரப்பி எரிக்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். வேலை செய்பவர் சான்றிதழ் உள்ளவராக, வங்கியின் செலவில். சோதனை எழுதாத திருத்தம் திருத்தமே இல்லை என்பது அவர் எப்போதும் சொல்வது. கையெழுத்து நாள் தைக்குப் போகும். முதல் குளிர்காலம் முடியும்வரை விலையில் ஒரு பகுதி நொத்தாரிசிடமே இருக்கும். தெல்கூர் கடைசி வரிக்கு மட்டும் கொஞ்சம் சண்டை பிடித்தார், இரண்டு மாதமாகக் குறைத்தார், பிறகு சம்மதித்தார்.

திரும்பும் வழியில் மதாம் காரை ஓரமாக நிறுத்தி, வழமைபோல் மதியத்துக்கு ஒரு அவித்த முட்டையை உரித்தார். நான் வேலை போய்விட்டது என்ற முடிவோடு இருந்தேன்.

"நீங்கள் அவர்களைத் திறக்கச் சொன்னது பிழை" என்றார். "அறிக்கையில் எழுதுங்கள். தண்ணீரைத் திறக்கச் சொன்னவர் இந்த அலுவலகத்து ஊழியர் என்று, பெயரோடு. நான் கையெழுத்து வைக்கிறேன்."

எழுதினேன். கையெழுத்து வைத்தார். அது பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஒன்பது நாள் தூங்காமல் பயந்த காரியம் ஒரு வரியில் முடிந்தது. அந்த நிம்மதியோடு கூடவே வெட்கமும் வந்தது. இவ்வளவுதான் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன்.

தை பிறந்து, கையெழுத்து வைக்கிற அன்று காலை, கடைசிப் பார்வைக்குப் போனோம். புதுக் குழாய். அழுத்த முள் அசையவில்லை. ஒவ்வொரு அறையிலும் சூடாக்கியில் கை வைத்தேன், தெல்கூரும் வைத்தார். அவரே சிரித்துக்கொண்டு முன்னால் போய் வைத்தார். ரூபன் மேலும் கீழும் ஓடித் திரிந்தான். என்னோடு இரண்டொரு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தான். குசினியில் சுடுதண்ணீர் மட்டும் பார்க்க மீதி இருந்தது.

"வசந்தி, நீ திற" என்றான்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் மாட்டன். நீங்கள் திறவுங்கோ."

"சும்மா திறவடியப்பா. இனி ஒண்டும் வெடிக்காது."

அவன் மேலே எதையோ பார்க்கப் போய்விட்டான். குசினியில் அவளும் நானும்தான். நான் திறப்பதா என்று கை நீட்டினேன். அவள் என் கையை விலக்கிவிட்டுத் தானே திறந்தாள். முதலில் காற்று இருமியது, பிறகு தண்ணீர் வந்தது, கொஞ்ச நேரத்தில் ஆவி பறந்தது. அவள் கையைத் தண்ணீருக்குள் பிடித்தபடி நின்றாள். சந்தோசப்படுகிறாள் என்று நினைத்து நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணை, உங்களில எனக்குக் கோவமில்லை" என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி. "நீங்கள் சொன்னதெண்டு நான் ஏன் சொல்லேல்லை தெரியுமோ? உங்கட வேலை போயிடும் எண்டு. நீங்களும் பிள்ளை குட்டிக்காரர். ஆனா நீங்கள் அண்டைக்கே இவரிட்டைச் சொல்லியிருந்தால், அம்மாவாலதான் வீடு போச்செண்டு முகம் திருப்பின என்ர பிள்ளையள் அந்த ஒன்பது நாளும் என்னோட கதைச்சிருக்குங்கள்."

மேலேயிருந்து ரூபன் இறங்கி வரும் சத்தம் கேட்டது. அவள் குழாயைப் பூட்டிவிட்டுக் கையைத் துடைத்தாள்.